வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மதுரையில். நாலு பேர். சில வருடங்களாக வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பத்து வருடம் உழைக்கும் பிளாஸ்டிக் குடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கடையிலிருந்து வீடு வந்து சேரும் பத்து நிமிடத்துக்காக மட்டும் பிறந்த பிளாஸ்டிக்கை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு சாக்கிலிருந்து. ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் வரும் கவர், டப்பா, பாட்டில், ஸ்ட்ரா எதையும் குப்பையில் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து ஒரு பழைய சாக்கில் சேர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதை மொட்டைமாடியில் கொட்டிப் பாருங்கள்.

நாங்கள் கொட்டிப் பார்த்தபோது ஷாம்பு பாட்டில் ஒன்றுதான் இருந்தது. அதுவரை அதுதான் பெரிய பிரச்சினை என்று நினைத்திருந்தோம். பால் கவர் மட்டும் பதினான்கு. காய்கறிக் கடையின் மெல்லிய கவர்கள் அதைவிட அதிகம். தக்காளிக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று, இவை எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிவர இன்னொன்று. ஒரு சாம்பார்க் கவரின் கழுத்தில் கட்டிய நூல் அவிழ்க்காமலே இருந்தது. உள்ளே ஓரத்தில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. எந்தக் கவர் எந்தக் கடையில் வந்தது என்று பார்த்ததும், எந்தக் கடைக்கு எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுக் குவியல் வேறு மாதிரி இருக்கும். எது அதிகமோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நல்ல டப்பாவைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகக் கண்ணாடி ஜாடி வாங்கினால் குப்பையும் கூடும், செலவும் கூடும். பருப்பு, ரவை, கடுகு மாதிரி உலர்ந்த பொருட்களை அந்த டப்பாக்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூடானது, எண்ணெய்ப் பசை உள்ளது, புளிப்பானது ஆகிய மூன்றை மட்டும் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். இந்த மூன்றும்தான் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களை அதிகமாக உணவுக்குள் இழுக்கும். ரசம், ஊறுகாய், வடித்த சோறு, சூடாக்கிய எண்ணெய் எல்லாம் எவர்சில்வருக்கோ பீங்கானுக்கோ கண்ணாடிக்கோ போகட்டும். மைக்ரோவேவ் அடுப்பில் பிளாஸ்டிக் டப்பாவை வைக்கவே வேண்டாம்.

டப்பா விரிசல் விட்டாலோ, மூடி சேராமல் போனாலோ, அப்போது மாற்றுங்கள். அதற்கு முன்னால் பரணில் ஏறி ஒருமுறை பாருங்கள். எங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின் சீர்வரிசையில் வந்த சம்படங்கள் ஆறும் இரண்டு தூக்குவாளியும் இருந்தன. புளி போட்டுத் தேய்த்ததும் புதிது மாதிரி ஆகிவிட்டன. பித்தளை, செம்புப் பாத்திரம் கிடைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: உள்ளே வெள்ளீயம் பூசாமல் அதில் புளிப்பான எதையும் வைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் எது எதற்குத் தடை இருக்கிறது?

2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டும் கப்பும், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும், பிளாஸ்டிக் டீ கப், டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கொடி, நெய்யாத துணிப் பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. பிளாஸ்டிக் குச்சி வைத்த காது குடையும் பஞ்சு, பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்பூன், ஃபோர்க், ஸ்வீட் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய தாள் முதலியவை அதில் வருகின்றன.

பட்டியல் நல்ல பட்டியல். ஆனால் மாலையில் எந்த மார்க்கெட்டுக்குப் போனாலும் கவர் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் தடை இருக்கிறதே என்று நாம் வெறுங்கையோடு போனால் கவரோடுதான் திரும்புவோம்.

ஜவுளிக்கடையில் துணி மாதிரி ஒரு பை தருகிறார்களே, அது துணிதானே?

இல்லை. இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், அதிகம் பேர் ஏமாந்திருப்பதும் இதில்தான். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். டிபன் பாக்ஸ் செய்யும் அதே சரக்கை இழையாக்கி, நெய்யாமல், சூட்டில் ஒட்டி எடுத்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியென்றால் குறுக்கு இழையும் நெடுக்கு இழையும் தெரியும். இதில் சின்னச் சின்னப் புள்ளி அச்சுகள்தான் தெரியும். வெயில் படும் இடத்தில் சில மாதம் தொங்கவிட்டால் கை பட்டதும் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி எங்கேயும் மக்கிப் போகாது.

ஏற்கெனவே வீட்டில் சேர்ந்துவிட்டதை என்ன செய்வது? உதிர ஆரம்பிக்கும் முன்பு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை பயன்படுத்துங்கள். புதிதாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மஞ்சப்பை எடுத்துப் போக மறந்துபோகிறது. என்ன செய்யலாம்?

ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸில் ஏறினால் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த அந்தப் பைதான் ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தது. அந்த வெட்கத்தைப் போக்கத்தான் தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் பிறகு வந்தன.

மறதிக்கு வழி, பையை வீட்டில் வைக்காமல் இருப்பதுதான். வண்டியின் சீட்டுக்கு அடியில் இரண்டு, ஆபீஸ் பையில் மடித்து ஒன்று, வாசல் கதவின் கொக்கியில் ஒன்று. காய்கறியை வெளியே எடுத்து வைத்த கையோடு பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். இதில்தான் நாங்கள் முதலில் தவறிக்கொண்டே இருந்தோம். பை சமையலறையிலேயே தங்கிவிடும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். துணிப்பையைப் புதிது புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சாயம் போடவும் தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் போட்ட கணக்கில், பருவநிலைக்கு வரும் பாதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பையை விட மேல். பழைய வேட்டி, தலையணை உறை, கிழிந்த காட்டன் புடவை இவற்றில் தைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஒரு புடவையில் நாலைந்து பை வந்துவிடும். மிஞ்சும் மெல்லிய துணியில் சின்னச் சுருக்குப்பைகள் தைத்து வாங்குங்கள். பச்சை மிளகாய்க்கும் பீன்ஸுக்கும் தனித்தனிக் கவர் வாங்கத் தேவையிருக்காது.

கறி, மீன், மாவு, எண்ணெய் இதற்கெல்லாம் பை சரிப்படாதே?

பாத்திரம் சரிப்படும். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவை நீட்டினால் கறிக்கடைக்காரர் முதல் நாள் ஒரு மாதிரி பார்ப்பார். தராசில் காலி டப்பாவை முதலில் வைத்து அதன் எடையைக் கழித்துப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அவரே கேட்காமல் செய்வார். எங்கள் மீன்காரம்மா இப்போது “என்னம்மா, இன்னைக்கு டப்பாவைக் காணோம்?” என்று கேட்கிறார்.

இட்லி மாவு பாக்கெட் வாங்குகிறவர்கள், அரைத்துக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் தூக்குவாளியில் வாங்கலாம். செக்கு எண்ணெய்க் கடைகளில் உங்கள் கேனிலேயே ஊற்றித் தருவார்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், கோதுமை மாவுக்கெல்லாம் மாவு மில் இருக்கிறது. டப்பாவோடு போனால் டப்பாவோடு திரும்பலாம், மசாலா வாசனையும் வேறு மாதிரி இருக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் இன்னமும் காகிதத்தில்தான் பொட்டலம் கட்டுகிறார்கள்.

ஓட்டல் பார்சலை என்ன செய்வது? தவிர்க்கவே முடியவில்லை.

சாக்கில் எனக்குப் பெரிய அதிர்ச்சி கொடுத்தது இதுதான். நாலு தோசை வாங்கினால் சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு இரண்டு, தோசையைச் சுற்றிய இலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேரி பேக். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றிச் சுழற்றி நூல் போட்டுக் கட்டும்போது கவர் உப்பி, தொட்டால் நசுங்கும் அளவுக்கு இளகிப்போகும். அந்தச் சூட்டில் அந்தக் கவருக்குள் இருப்பதைத்தான் குழந்தைக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். ‘சில்வர் கவர்’ என்று பளபளப்பாகத் தருவதிலும் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது.

ஒரு காலத்தில் ஓட்டலுக்குத் தூக்கு கொண்டுபோய்த்தான் சாம்பார் வாங்கினோம். அதையே திரும்பச் செய்கிறோம். ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் போதும்: கீழ்த் தட்டில் சாம்பார், நடுவில் சட்னி, மேலே இட்லி. ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் வாங்குகிற நாளென்றால் காலையிலேயே கேரியரை வண்டியில் வைத்துவிடுகிறேன். பெரும்பாலான ஓட்டல்களில் மறுப்பதில்லை, இரண்டு கரண்டி கூடவே ஊற்றுவார்கள்.

செல்பேசியில் ஆர்டர் செய்து வரவழைப்பதற்கு இந்த வழி இல்லை. ஸ்பூன், டிஷ்யூ வேண்டாம் என்று குறிப்பதோடு சரி. வந்து இறங்கும் கறுப்பு டப்பாக்களைக் கழுவி விதை முளைக்கப் போடலாம் என்பார்கள். எத்தனை விதைதான் போடுவது? அந்த ஆர்டர்களை மாதத்தில் ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டதுதான் எங்களுக்கு உதவியது.

டீக்கடையில் பேப்பர் கப் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நானும் நம்பியிருந்தேன். பேப்பர் மட்டும் இருந்தால் டீ ஒழுகிவிடும். ஒழுகாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தை 15 நிமிடம் அந்தக் கப்பில் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. கண்ணாடி கிளாஸில் கேளுங்கள். கடையில் கழுவும் தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் “கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் கழுவிக் குடுங்கண்ணே” என்று சொன்னால் செய்து தருவார்கள்.

பால் பாக்கெட்டுக்கு என்ன மாற்று?

மாட்டுப்பால் கறந்து தருகிறவர் பக்கத்தில் இருந்தால் தூக்கில் வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். நகரத்தில் பலருக்கு அது கிடைக்காது, எங்களுக்கும் கிடைக்கவில்லை. பாக்கெட் பால்தான் வாங்குகிறோம். உதாரணத்துக்கு, அரை லிட்டர் இரண்டுக்குப் பதில் ஒரு லிட்டர் ஒன்று வாங்கினால் கவர் குறையும்.

பால் கவர் நல்ல பிளாஸ்டிக். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், மறுசுழற்சிக்கும் போகும். இரண்டு வேலை மட்டும் நாம் செய்ய வேண்டும். கத்தரிக்கும்போது மூலையைத் தனித்துண்டாக வெட்டி எடுக்காமல், கவரோடு ஒட்டித் தொங்குகிற மாதிரி பாதியில் நிறுத்த வேண்டும். நகத்தளவு அந்தத் துண்டைப் பொறுக்க ஆள் கிடையாது, நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் கவரை உடனே அலசி, தலைகீழாகக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்க வேண்டும். அலசிய முதல் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.

கேன் தண்ணீர், பாட்டில் தண்ணீர்?

20 லிட்டர் கேன் திரும்பப் போய் நிரம்பி வருவது. அதைப் பற்றிய கவலை, வெயிலில் கிடந்ததா, கீறல் விழுந்து பழசாகிவிட்டதா என்பதுதான். வந்ததும் மண்பானையிலோ எவர்சில்வர் டிரம்மிலோ ஊற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில்தான் தவிர்க்க வேண்டியது. காலியானதும் அதில் தண்ணீர் பிடித்து ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்கும் வழக்கமும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தவே செய்த பாட்டில் அது. வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே தேய்த்துக் கழுவவும் முடியாது. வெளியே போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயமும்கூட. 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில்களுக்கு அந்த மாவட்டத்தில் தடை.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் என்ன?

எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்லும் எண். தரத்தைச் சொல்லும் எண் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1 தண்ணீர் பாட்டில், 2 ஷாம்பு பாட்டிலும் கேனும், 3 பிவிசி குழாய் வகை, 4 பால் கவர் வகை, 5 டிபன் பாக்ஸ் வகை, 6 தெர்மாகோல் வகை, 7 மற்றவை. 1, 2, 4, 5 பழைய பேப்பர் கடையில் பெரும்பாலும் போகும். சாப்பாட்டுக்கு 3, 6 வேண்டாம்.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட்டை யாரும் எடுப்பதில்லையே?

எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது. பாக்கெட் ஷாம்புக்கு முன்னோடி என்று சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர். பாட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச்சேர்ந்தது அந்தப் பாக்கெட்டால்தான். அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்றைக்கு மாதம் முழுக்கப் பாக்கெட் கிழிக்கிற வீடுகளில் பெரிய பாட்டிலாகவோ சிகைக்காயாகவோ மாற்றிக்கொள்ளலாம். சிகைக்காய், வெந்தயம், பூந்திக்கொட்டை, காய்ந்த செம்பருத்தி இலை சேர்த்து மில்லில் அரைத்தால் ஒரு கிலோ எங்கள் வீட்டுக்கு மாதக்கணக்கில் வருகிறது. குளியலுக்கு சோப்புக் கட்டியும் நலங்குமாவும் போதும், திரவ சோப்பு தேவையில்லை.

பிளாஸ்டிக்கில் ரோடு போடுகிறார்களே, அப்புறம் ஏன் குறைக்க வேண்டும்?

அந்த முறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படலமாகப் படிந்துவிடும், அதன் மேல் தார் கலப்பார்கள். அருமையான வேலை. ஆனால் அது ஏற்கெனவே குவிந்துவிட்ட குப்பைக்கான வழி. சாக்கடையில் அடைத்துக்கொண்ட கவரையும் மாட்டின் வயிற்றுக்குள் போன கவரையும் எந்த ரோட்டுக்கும் கொண்டுவர முடியாது.

எரித்துவிட்டால்?

எரிக்கக் கூடாது. வெந்நீர் அடுப்பில் ஒரே ஒரு கவரைக்கூடப் போடாதீர்கள். பிவிசி கலந்திருந்தால் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு புகையில் வரும். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது நம் வீட்டு ஆட்கள்.

நாப்கினும் பிளாஸ்டிக்தான் என்கிறார்களே?

ஆமாம். கடையில் வாங்கும் நாப்கினின் மேலடுக்கும் அடியடுக்கும் பெரும்பாலும் பிளாஸ்டிக். மாற்று இரண்டு: பருத்தித் துணி நாப்கின், மாதவிடாய் நாட்களில் உடலுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் கப். துணி நாப்கினுக்கு நல்ல தண்ணீரும் வெயிலில் காயவைக்க இடமும் வேண்டும். அறைக்குள் மூலையில் ஒளித்துக் காயவைத்தால் தொற்று வரும். கப் ஒன்று வாங்கினால் பல வருடம் வரும், ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். இந்த விஷயத்தில் முடிவு அந்தந்தப் பெண்ணுடையது. பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்ற பேரில் யாரும் மகளையோ மருமகளையோ வற்புறுத்தக் கூடாது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர், துணிமணி இதிலுமா பிளாஸ்டிக்?

ஸ்க்ரப்பர் தேயத் தேய அந்தத் தூள் சாக்கடைக்குத்தான் போகிறது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்து, விதையை உதறி, துண்டு போட்டால் நல்ல நார் கிடைக்கும். கரி பிடித்த பாத்திரத்துக்குத் தேங்காய் நார். துணியில் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான், துவைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிழைகள் உதிரும். இருக்கும் துணியை அடிக்கடி துவைக்காமல் நாள்பட உடுத்துங்கள். அடுத்து எடுக்கும்போது நைட்டியோ சட்டையோ பருத்தியில் எடுங்கள்.

‘மக்கும் பை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே?

பெரும்பாலானவை நம் வீட்டுத் தொட்டியில் மக்காது. உண்மையிலேயே மக்கும் வகைக்கும் 58 டிகிரி அளவுக்குச் சூடு நிலைக்கும் பெரிய உரக்கிடங்கு வேண்டும். தெருவோரம் விழுந்தால் அதுவும் கவர் மாதிரியே கிடக்கும்.

வீட்டில் விசேஷம் வருகிறது. பெரிய கூட்டம். அப்போது?

சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே பேசிவிடுங்கள். பந்திக்கு வாழை இலை எப்படியும் உண்டு, டம்ளர்தான் சிக்கல். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வாடகைப் பாத்திரக் கடையில் முந்நூறு எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம், கழுவ இரண்டு பேருக்குத் தனியாகக் கூலி கொடுத்தோம். பந்திக்கு நடுவில் டம்ளர் போதாமல் பத்து நிமிடம் தடுமாறினோம். நானூறு எடுத்திருக்க வேண்டும். வாசலில் இரண்டு பெரிய மண்பானையில் வெட்டிவேர் போட்டு வைத்தோம். அரை லிட்டர் பாட்டில் ஏன் இல்லை என்று கேட்ட பெரியப்பாவே மூன்று தடவை வந்து மொண்டு குடித்தார். டிபனுக்குப் பாக்குமட்டைத் தட்டு, சுண்டலுக்கு மந்தாரை இலைத் தொன்னை.

கவர் வாங்குவதையே நிறுத்திவிட்டால் குப்பைக்கூடைக்குள் எதைப் போடுவது?

குப்பையைப் பிரித்துவிட்டால் கவரே தேவையில்லை. காய்கறித் தோல், டீத்தூள், மிச்சச் சோறு ஒரு மூடியுள்ள வாளிக்கு. காகிதம், கழுவிய பிளாஸ்டிக் சாக்குக்கு. பேட்டரி, காலாவதி மருந்து, உடைந்த பல்பு தனி டப்பாவுக்கு. ஈரம் வாளியின் அடியில் ஒட்டாமல் இருக்க பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்து, ஓரங்களை வாளியின் விளிம்புக்கு மேலே ஏற்றி மடித்துவிடுங்கள். காலையில் வண்டி வந்ததும் தாளோடு சேர்த்துக் கவிழ்த்தால் மொத்தமும் ஒரே உருண்டையாக விழுந்துவிடும். வாளியை ஒருமுறை அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தால் வாடையும் இருக்காது.